எந்த மாதத்துத் தொழில்? திருகோணமலையின் மோட்டார் சைக்கிள்களும் பிழைப்பும்

(திருகோணமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்னவை சுருக்கப்பட்டுள்ளன.)



அறக்கட்டளையினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். திருகோணமலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கோணேசர் கோயிலை எடுப்பார்கள். இயற்கைத் துறைமுகத்தை எடுப்பார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகளை எடுப்பார்கள். நான் இந்த மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவைதான். அவற்றில் ஏறிப் போகிறவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் ஒழுங்காகக் கேட்டதில்லை.

கேட்டால் விடை எளிதாக வராது. கம்பாலாவிலும் நைரோபியிலும் மோட்டார் சைக்கிள்காரர் என்றால் ஆள் ஏற்றிக் கூலி வாங்குகிறவர். ஜகார்த்தாவிலும் பாங்கொக்கிலும் அப்படித்தான். நம் ஊரில் அந்த வேலையை ஆட்டோ எடுத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் ஆளை ஏற்றிச் சம்பாதிப்பதைவிட, ஓட்டுகிறவரின் தொழிலைச் சுமந்துதான் சம்பாதிக்கிறது. அது எந்தத் தொழில் என்பதுதான் சிக்கல். மூதூர்ப் பக்கத்தில் ஒருவரிடம் நீங்கள் என்ன தொழில் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எந்த மாசத்துத் தொழில கேக்கிறீங்க, சேர்?" என்றார். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கு உரைதான்.

என் கருத்து இது. இந்த மாவட்டத்தில் ஒரு தொழில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. இரண்டு மூன்று அரைத் தொழில்கள் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பிழைப்பு. கடலும் வயலும் கட்டட வேலையும் வேறு வேறு இடங்களில், வேறு வேறு மாதங்களில் இருக்கின்றன. அவற்றை ஓர் ஆளின் கைக்கு எட்டச் செய்வது மோட்டார் சைக்கிள். ஆகவே அது உழைப்புக் கருவி. அதைச் சொந்தப் பாவனை வாகனமாக மட்டும் பார்க்கும் வரியும் கடனும் உழைப்பவரின் கையைக் கட்டுகின்றன; 2022, 2023இல் எரிபொருள் பங்கீடும் அப்படியே கட்டியது. இதை ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. நிலமும் பருவமும்

திருகோணமலை மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,700 சதுர கிலோமீற்றர். பிரதேச செயலகப் பிரிவுகள் 11. படத்தில் பார்த்தால் கொட்டியாரக் குடா மாவட்டத்தின் நடுவே புகுந்து நகரத்தையும் மூதூரையும் எதிரெதிர்க் கரைகளில் நிறுத்தியிருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியும். தரைவழியே போவதென்றால், கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் கங்கையிலும் இறால்குழியிலும் பாதைக்கு, அதாவது வாகனத்தை ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு, காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கந்தளாய், அல்லை என்று பெரிய சுற்று. ஆட்கள் லோஞ்சில் போனார்கள். சரக்கு அவ்வளவு இலகுவில் போகவில்லை. யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளும் ஊரடங்கும் அந்தக் குறுகிய வழிகளையும் அடைத்தன.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அதன் பிறகுதான் குடாவின் இரண்டு கரைகளும் ஒரே வேலைச்சந்தையாகத் தொடங்கின. எல்லா இடத்திலும் அப்படி நடந்துவிடவில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில், 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் இல்லாத துறையில் பிழைப்புக்கும் படிப்புக்கும் என்ன விலை என்பதை அந்தக் காலைப்பொழுது காட்டியது.

அடுத்தது பருவம். கச்சான் காற்றுக் காலத்தில், ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை, நம் கடல் அமைதியாக இருக்கும். மேற்குக் கரையிலிருந்து மீனவர்கள் வந்து வாடி போடுவது இந்த மாதங்களில்தான். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெள்ளைக்காரர் வந்து தங்குவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். வாடை பிறந்தால் கடல் கொந்தளிக்கும், சிறு வள்ளங்கள் கரையேறும், ஹோட்டல்கள் வெறிச்சோடும், மேசன் வேலை மழையில் நிற்கும். ஆனால் அதே மழையில்தான் பெரும்போக வயல் உயிர் பெறுகிறது. கடல் தொழில் ஓய்ந்தால் வயலில் ஆள் தேவை. வயல் ஓய்ந்தால் கடலில் ஆள் தேவை. இயற்கை அமைத்த முறை இது. இந்த முறையில் தன் இடத்தைப் பிடிக்க, ஒரு மனிதன் ஒரு மாதம் கரையிலும் மறுமாதம் இருபது கிலோமீற்றருக்கு அப்பால் வயலிலும் நிற்க முடிய வேண்டும்.

2. மீன் பெட்டி

இனி ஒரு தொழிலைக் கிட்ட நின்று பார்ப்போம். கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் மணலில் குவியும். ஏலம் விரைவாக நடக்கும். சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே விலை கேட்பார்கள். கழற்றி மாட்ட நேரமில்லை. பின் இருக்கையில் மரச்சட்டத்துக்குள் ரெஜிஃபோம் பெட்டி; பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய வார்களால் இறுக்கிக் கட்டியிருக்கும். அடியில் உடைத்த ஐஸ், மேலே சூடையோ கீரியோ, தனி உறையில் நாலைந்து பாரை. பக்கத்தில் தராசு, வெட்டுக்கட்டை, கத்தி, ஷொப்பிங் பைக்கட்டு. ஐஸ் உருகி வழியும் உப்புநீர் செயினிலும் பின்சில்லின் கம்பிகளிலும் இறங்கும். மீன் வியாபாரியின் வண்டி மற்றவர் வண்டியைவிட விரைவில் துருப்பிடிப்பது அதனால்தான். இந்தத் தேய்மானத்தை எந்த லாபக் கணக்கிலும் எழுதுவதில்லை.

இவர் விற்பது மீனை என்று சொன்னால் பாதிதான் சரி. கரையில் காலை ஏழு மணிக்கு மலிவாகக் கிடைக்கும் மீன், பதினொரு மணிக்குள் கந்தளாய்க் குடியேற்றத்துக்கோ சேருவிலைக்கோ தம்பலகாமத்துக்கோ போய்ச் சேர்ந்தால் விலை வேறு. லொறி பெரிய சந்தைக்குப் போகும். வயற்கரை ஒழுங்கைக்குள் வராது. மிதி சைக்கிள் ஒழுங்கைக்குள் போகும். ஆனால் சூடை அழுகுவதற்குள் அந்தத் தூரத்தை எட்டாது. நகரத்திலிருந்து கந்தளாய் சுமார் 40 கிலோமீற்றர். விரைவும் ஒழுங்கைக்குள் நுழையும் உடம்பும் ஒருசேர இருப்பது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான். அந்த இடைவெளியில்தான் அவருடைய கூலி இருக்கிறது.

சிங்களக் கொலனிக்குள் நுழையும்போது "மாளு, மாளு" என்று கூவுகிற அதே ஆள், அடுத்த ஊரில் "மீன்" என்று குரலை மாற்றுகிறார். யாருக்கு எந்த மீன் பிடிக்கும், எந்த வீட்டில் அறுவடை முடியும்வரை கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் சட்டைப்பைக் கொப்பியில் இருக்கும். சூடு மிதிக்கும் காலத்தில் அந்தக் கடன் நெல்லாகவும் திரும்பி வரும். மூன்று மொழிவழக்கும் மூன்று சமூகத்தின் அடுப்பும் தெரிந்த இவர்களை, சமூக நல்லிணக்கம் பற்றிய கருத்தரங்குகளில் நான் கண்டதில்லை.

வாடைக் காலத்தில் இவரே வேறு ஆள். பெட்டி இறங்கிவிடும், அந்த இடத்தில் உரப்பையோ மருந்தடிக்கும் தாங்கியோ ஏறும். தன் வயல் அரை ஏக்கராக இருக்கலாம். மீதி நாட்கள் பிறர் வயலில் கூலி.

3. கூலி வேலையின் சுற்றளவு

சீனக்குடாவில் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. துறைமுகத்தில் கோதுமை, கிளிங்கர் போன்ற மொத்தச் சரக்குத்தான் பெரும்பகுதி. அங்கே நிரந்தர வேலை கொஞ்சப் பேருக்கு. மற்றவர்களுக்கு, கப்பல் வந்தால் வேலை. தொலைபேசி அடித்ததும் போய் நிற்க முடிந்தவருக்கே அந்த நாட்கூலி. பஸ் நேரத்தைப் பார்த்து வருகிறவர் வருவதற்குள் ஆட்கணக்கு முடிந்துவிடும்.

மேசன்மார், வயரிங் செய்கிறவர், ஓடு மாற்றுகிறவர் எல்லோருக்கும் இதே விதிதான். ஓர் ஊரில் ஓர் ஆண்டில் எத்தனை வீடு கட்டுவார்கள்? சொந்த ஊருக்குள் மட்டும் வேலை தேடினால் மேசன் பட்டினி. குச்சவெளியில் ஓர் அத்திவாரம், கிண்ணியாவில் ஒரு மதில், நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குளியலறை என்று பரந்தால்தான் மாதத்தில் போதிய நாட்கள் நிரம்பும். மேசன் தன் உதவியாளைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறார். உதவியாளின் மடியில் சாந்துக்கரண்டியும் மட்டக்கோலும். வண்டி ஓட்டத் தெரிந்த பையனுக்குத்தான் உதவியாள் வேலையே கிடைக்கிறது என்ற நிலையும் வந்துவிட்டது. கையில் உள்ள திறமையின் மதிப்பை அது எட்டும் சுற்றளவு தீர்மானிக்கிறது.

4. வாசலுக்கு வரும் சந்தை

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி, குழியும் மேடும் பார்த்து ஓட்டுவது தனித் திறமை. புடவைக் கட்டை ஏற்றி ஊரூராகத் தவணைக்குக் கொடுக்கிறவர், பழைய இரும்பு எடுக்கிறவர், கோழி வாங்குகிறவர், பாண் பெட்டிக்காரர் என்று இந்தப் பட்டியல் நீளும். அண்மையில் கூரியர் இளைஞர்களும் சேர்ந்திருக்கிறார்கள். கொழும்பில் ஒருவர் இணையத்தில் விற்ற செருப்பை வெருகலில் கொடுத்துக் காசு வாங்குவது இவர்கள் வேலை. பொதி கொடுபட்டால்தான் கூலி. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எரிந்த பெற்றோல் இவர் கணக்கு.

இதே ஒழுங்கையில், இதே வகை வண்டியில், நுண்கடன் கம்பனியின் வசூல்காரரும் வருகிறார். தவணை தவறினால் வண்டியைப் பிடிக்கும் ஆட்களும் வருகிறார்கள். மோட்டார் சைக்கிள் வறியவரின் துணை என்று நான் புகழ்பாட வரவில்லை. சந்தை வாசலுக்கு வந்தபோது கடனும் கூடவே வந்தது. ஆனால் அந்த வசூல்காரப் பையனைக் கேட்டுப்பாருங்கள்: அவன் வண்டியும் லீசிங்கில்தான் இருக்கும்.

5. பெண்கள்

யுத்தத்துக்குப் பின் நம் வீதிகளில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களில் பெரியது, ஸ்கூட்டரில் போகும் பெண்கள். குடும்பநல மாதுக்கள் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அதில்தான் போகிறார்கள். நகரத்தில் வசிக்கும் ஆசிரியைகள் மூதூருக்கும் குச்சவெளிக்கும் இடமாற்றம் வந்தால் முன்பு அறை எடுத்துத் தங்கினார்கள், அல்லது இடமாற்றத்தை மாற்றத் திரிந்தார்கள். இப்போது காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புகிறார்கள். தூரத்துப் பாடசாலைக்கு ஆசிரியை ஒழுங்காக வருவதற்கு, கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கையைப் போலவே அவர் ஸ்கூட்டரும் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகுதி உண்டு. விடியுமுன் எழுந்து இடியப்பம் அவிப்பவள் மனைவி. அதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுபவர் கணவர். காசு கணவர் கையில் வருகிறது. கேட்டால் அவர் வியாபாரி, அவள் வீட்டில் இருக்கிறாள். புள்ளிவிவரத்தில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய இடம் ஊதியமில்லாத குடும்ப உழைப்பாளி என்பது. தயிருக்கும் கருவாட்டுக்கும் இதே கதைதான். வண்டியின் பின் இருக்கையில் ஏறும் பொருளில் பாதி பெண்களின் உழைப்பு என்பதை மறந்தால், மோட்டார் சைக்கிள் பிழைப்பு ஆண்களின் கதையாகச் சுருங்கிவிடும்.

6. பெற்றோலும் தவணையும்

மோட்டார் சைக்கிள் உழைப்புக் கருவி என்பதை 2022ஆம் ஆண்டு நம்மிடம் விலை வாங்கிக்கொண்டு கற்பித்தது. ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்ரேன் லீற்றர் 177 ரூபா. ஜூன் இறுதியில் 470 ரூபா. ஜூன் 28ஆம் திகதி முதல் இரண்டு வாரமளவு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விற்பனை நிறுத்தப்பட்டது. சீனக்குடாவில், பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கும் ஊரில், நாங்கள் பெற்றோல் செட்டில் இரவைக் கழித்தோம்.

பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். வரிசையைக் குறைத்த நல்ல முறைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சுமையோடு போகும் 100 சிசி வண்டி லீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்று வைத்தால், வாரத்துக்கு 200 கிலோமீற்றர். கந்தோருக்குப் போய்வருகிற எழுதுவினைஞருக்கு அது போதும், மிஞ்சும். கரைக்கும் கந்தளாய்க்கும் போய்வரும் மீன் வியாபாரிக்கு அது இரண்டரை நாள். மீதி நாட்களில் அவர் கறுப்புச் சந்தையில் வாங்கினார், அல்லது வீட்டில் இருந்தார். கடற்கரையில் மீன் விலை விழ, வயற்கரையில் மீன் கிடைக்காமல் போனது. ஆட்டோவுக்கு, அது தொழில் வாகனம் என்று, பின்னர் தனிப் பதிவும் கூடிய பங்கும் கிடைத்தன. மோட்டார் சைக்கிளின் பங்கு 2023 ஏப்ரலில் 7 லீற்றரானது. செப்டெம்பரில் முறையே கைவிடப்பட்டது. அதுவரை அந்த வண்டி யாருடைய தொழில் என்று எவரும் கேட்கவில்லை.

தவணை இன்னும் நுட்பமான பூட்டு. வண்டியை முழுக் காசு கொடுத்து வாங்குகிறவர் குறைவு. வாகனப் புத்தகம் லீசிங் கம்பனியில் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிக்கும் யானை விலை. வருமானம் பருவத்தோடு ஏறி இறங்குகிறது. தவணை மாதாமாதம் ஒரே தொகை. ஓகஸ்டில் இலகுவாகக் கட்டுகிறவர் டிசெம்பரில் நிலுவை வைக்கிறார். நிலுவை கூடினால் வண்டி போகிறது. வண்டி போனால் ஒரு தொழில் மட்டும் போவதில்லை. அதோடு கட்டியிருந்த எல்லா அரைத் தொழில்களும் ஒரே நாளில் போகின்றன. விபத்தில் கால் முறிந்தாலும் இதே நிலைதான். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலைகொள்வோன் ஒருவனைத் தேடும். இங்கே அப்படி ஒருவன் இல்லை.

7. கணக்கெடுப்பும் சட்டமும் காணும் மனிதன்

நம் அரசு உழைப்பாளியை ஒரு தொழில் உடையவனாகவே கற்பனை செய்திருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி 1958இலிருந்து சம்பளம் பெறும் ஊழியருக்கு. 1987இல் விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. 1990இல் மீனவருக்கு வந்தது. 1996இல் சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபை வந்தது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கம். ஆனால் ஆறு மாதம் மீன், நாலு மாதம் வயல், இடையில் கட்டடம் என்று வாழ்பவர் எந்தப் படிவத்தை நிரப்புவார்? தொழிற்படை அளவீடு கடந்த வாரம் செய்த வேலையைக் கேட்கிறது. இரண்டாவது வேலையையும் கேட்கிறது. ஆனால் அட்டவணைகள் பெரும்பாலும் முதல் வேலையையே பேசுகின்றன. ஓகஸ்ட் வாரத்தில் மீனவர், டிசெம்பர் வாரத்தில் விவசாயத் தொழிலாளி என்று ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார்.

பல தொழில் வாழ்வைப் பற்றி ஃபிராங்க் எல்லிஸ் போன்ற பொருளியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வறியவர் பல தொழில் செய்வது முன்னெச்சரிக்கையாலும் இருக்கலாம், வேறு வழியின்மையாலும் இருக்கலாம் என்பது அவர்கள் தரும் தெளிவு. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவோருக்கு ஒரு சொல்: அரசாங்க வேலை கிடைத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாளைக்கே பெட்டியை இறக்கிவிடுவார்கள். அதற்காக, அந்த வேலை வரும்வரை இவர்கள் பிழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, தொழில் என்ன என்று கேட்கும் படிவங்கள் பன்னிரண்டு மாதக் கட்டங்களோடு கேட்கட்டும். கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் தொடங்கினால் போதும், பெரிய செலவில்லை. இரண்டாவது, பயிர்ச்செய்கைக் கடனை அறுவடைக்குப் பின் கட்டலாம் என்ற ஒழுங்கு வங்கிகளுக்குப் புதிதல்ல. தொழிலுக்கு எடுக்கும் மோட்டார் சைக்கிளின் தவணையும் பருவத்தோடு ஏறி இறங்கலாம். மூன்றாவது, ஓய்வூதியமும் விபத்துக் காப்பும் தொழிலின் பெயரோடு ஒட்டாமல் ஆளோடு போகட்டும். மீனவராகக் கட்டிய பணம் விவசாயியாக மாறினால் கரையக்கூடாது.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரில் பத்துப் பேரிடம், பன்னிரண்டு மாதத்துக்கும், வண்டியின் பின்னால் என்ன ஏறுகிறது என்று கேட்டு எழுதுங்கள். வீட்டில் அதை யார் தயாரித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஒரு வகுப்பு இதைச் செய்தாலே, இந்த மாவட்டத்தின் பொருளாதாரம் பற்றி அறிக்கைகளில் இல்லாதது கையில் வரும். எரிபொருள் தட்டுப்பாடு மறுபடி வராது என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை. அத்தியாவசியப் பட்டியலை அடுத்த முறை எழுதுகிறவரின் மேசையில் உங்கள் அட்டவணை இருக்கவேண்டும். மீன் பெட்டிக்காரருக்கு எத்தனை லீற்றர் என்பதை அவர் அதைப் பார்த்து எழுதவேண்டும்.